ஐபிசெக் பாக்கெட்டுகளை டிகிரிப்ட் ஆனபின் கர்னலுக்குள்ளேயே பிடிப்பது எப்படி?

ஐபிசெக் (ஐபி பாக்கெட்டுகளை என்கிரிப்ட் செய்து அனுப்பும் முறை) டனல் ஒன்றைப் புதிதாகக் கட்டிவிட்டு, எதிர்முனைக்குப் பிங் விட்டபடி லினக்ஸில் ஈத்0 (நெட்வொர்க் கார்டின் இன்டர்ஃபேஸ்) மேல் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரே காட்சிதான் கிடைக்கும். வெளியே போகும் பிங் கோரிக்கை இஎஸ்பி (என்கிரிப்ட் ஆன ஐபிசெக் பாக்கெட்) என்று ஒரே ஒரு வரி. திரும்பி வரும் பதிலுக்கு மட்டும் இரண்டு வரி: முதலில் இஎஸ்பி, அதை ஒட்டியே அதே பதில் ஐசிஎம்பி எக்கோ ரிப்ளை என்று பட்டவர்த்தனமாக. பதில் என்கிரிப்ட் ஆகாமல் வருகிறதோ என்ற பதற்றமும், நாம் அனுப்பியது ஏன் தெரியவில்லை என்ற குழப்பமும் சேர்ந்தே வரும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். டிசிபிடம்ப் கம்பியைப் பார்ப்பதில்லை. கர்னலுக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுகொண்டு, அந்த இடத்தைக் கடப்பதை மட்டும் பார்க்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் சாவியைத் தேடி அலையவே வேண்டாம். டிகிரிப்ட் செய்யும் வேலையைக் கர்னல் ஏற்கெனவே செய்துவிட்டது. அது முடிந்த இடத்தில் போய் நாம் நின்றால் போதும்.

இந்தக் கட்டுரை முக்கியமாக லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டையும் பற்றியது. கட்டளை வரிகளை அப்படியே வெட்டி ஒட்டத் தரவில்லை. எந்தத் தேர்வு எதற்கு என்று சொல்கிறேன். கட்டளையின் சரியான வடிவத்தை உங்கள் கணினியின் மேன் பக்கத்தில் (கட்டளை விளக்கக் கையேட்டில்) பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது உங்கள் சொந்தக் கணினியிலோ, நிர்வகிக்கும் பொறுப்பும் அனுமதியும் உங்களுக்கு உள்ள கணினியிலோ மட்டும் செய்யவேண்டிய வேலை. எல்லாவற்றுக்கும் ரூட் உரிமை தேவை.

முதலில், பாக்கெட் போகும் வழி

லினக்ஸில் உள்வரும் பாதையை எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க் கார்டின் டிரைவர் பாக்கெட்டை மேலே கொடுத்தவுடன், டிசிபிடம்ப் போலக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கர்னல் அதைக் காட்டிவிடுகிறது. நெட்ஃபில்டர் (கர்னலின் ஃபயர்வால் பகுதி), ரூட்டிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஐபி தலைப்பில் புரோட்டோகால் எண் 50 என்று இருந்தால் அது இஎஸ்பி. நடுவில் நேட் (முகவரியை மாற்றி அனுப்பும் ரூட்டர்) இருந்தால் அதே இஎஸ்பி யுடிபி 4500 போர்ட்டுக்குள் உட்கார்ந்து வரும். எப்படி வந்தாலும் அது எக்ஸ்எஃப்ஆர்எம் என்ற பகுதிக்குப் போகிறது. லினக்ஸின் ஐபிசெக் வேலை முழுவதும் நடப்பது அங்கேதான். பாக்கெட்டில் உள்ள எஸ்பிஐ எண்ணை (எஸ்ஏ-வின் அடையாள எண்) வைத்துப் பொருத்தமான எஸ்ஏ-வை (ஒரு திசைக்கான சாவியும் முறையும் அடங்கிய பதிவு) தேடி, சரிபார்த்து, டிகிரிப்ட் செய்கிறது.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். டனல் மோடில் உள்ளே இருப்பது ஒரு முழு ஐபி பாக்கெட். அதைக் கர்னல் வெளியே எடுத்து, அதே ஈத்0 வழியாக இப்போதுதான் வந்ததுபோல, பெறும் வரிசையில் மறுபடி போடுகிறது. அது பழையபடி முதலிலிருந்து பயணப்படுகிறது. டிசிபிடம்ப் நிற்கும் இடத்தையும் இரண்டாம் முறை கடக்கிறது. பதில் இரண்டு வரியாகத் தெரிவது இதனால்தான். கம்பியில் வந்தது இஎஸ்பி ஒன்று மட்டுமே.

டிரான்ஸ்போர்ட் மோடில் (உள்ளே இன்னொரு முழு ஐபி பாக்கெட் இல்லாமல், தரவுப் பகுதியை மட்டும் மூடுவது) கதை வேறு. அங்கே டிகிரிப்ட் ஆன பாக்கெட் வரிசைக்குத் திரும்புவதில்லை. நெட்ஃபில்டரின் ப்ரீரவுட்டிங் கட்டத்துக்குள் நேராக நுழைகிறது. அதனால் டிசிபிடம்ப்புக்கு இஎஸ்பி மட்டும்தான் தெரியும், உள்ளடக்கம் தெரியவே தெரியாது.

வெளியே போகும் பாதையில் டிசிபிடம்ப் நிற்பது கடைசிப் படியில், பாக்கெட்டை டிரைவரிடம் ஒப்படைக்கும் தறுவாயில். அதற்குள் என்கிரிப்ஷன் முடிந்துவிட்டிருக்கும். ஆகவே எப்போதும் இஎஸ்பி மட்டுமே.

ஆனால் நெட்ஃபில்டர் இரண்டு திசையிலும் பாக்கெட்டைத் திறந்த நிலையில் பார்க்கிறது. உள்வரும்போது டிகிரிப்ட் ஆனபின்னும், வெளிப்போகும்போது என்கிரிப்ட் ஆகுமுன்னும் அதன் ஹூக்குகள் (பாக்கெட்டை நிறுத்திப் பார்க்கும் இடங்கள்) வழியாகப் பாக்கெட் போகிறது. போதாக்குறைக்கு, இந்தப் பாக்கெட் ஐபிசெக் வழியாக வந்ததா, போகப்போகிறதா என்பதும் அதற்குத் தெரியும். உள்வந்த பாக்கெட்டில் எந்த எஸ்ஏ அதைத் திறந்தது என்ற குறிப்பைக் கர்னல் ஒட்டியே வைக்கிறது. செக்பாத் என்று பெயர். இந்தக் குறிப்புதான் இனி நமக்குப் பிடி.

படி 1: சோதனைக் களம்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பழகாதீர்கள். இரண்டு விர்ச்சுவல் மெஷின் போதும். வெளி முகவரிகளாக 192.0.2.1, 192.0.2.2 என்று வைத்துக்கொள்வோம் (இந்த வரம்பு ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது). உள் நெட்வொர்க்குகள் 10.1.0.0/24, 10.2.0.0/24. நடுவில் ஸ்ட்ராங்ஸ்வானோ லிப்ரேஸ்வானோ (ஐபிசெக் இணைப்பை அமைக்கும் மென்பொருள்கள்) எதையாவது வைத்து டனல் மோடில் இணைப்பை ஏற்படுத்துங்கள்.

இணைப்பு எழுந்ததும் ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் ஸ்டேட், ஐபி எக்ஸ்எஃப்ஆர்எம் பாலிசி (பாலிசி என்பது எந்தப் பாக்கெட் ஐபிசெக் வழியாகப் போகவேண்டும் என்ற விதி) என்ற இரண்டு கட்டளைகளின் வெளியீட்டையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஸ்டேட் பட்டியலில் திசைக்கு ஒன்றாகக் குறைந்தது இரண்டு எஸ்ஏ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எஸ்பிஐ. இதே வெளியீட்டில் என்கிரிப்ஷன் சாவிகளும் அப்பட்டமாக அச்சாகும். உதவி கேட்டு இதை யாருக்காவது அனுப்பப் போகிறீர்கள் என்றால், சாவிகளை மறைக்கும் நோகீஸ் என்ற தேர்வைச் சேர்த்து எடுங்கள். மறந்துபோய்ச் சாவியோடு அனுப்புவது நடக்கிற காரியம்தான்.

பிங் விடும்போது ஒரு சின்ன உத்தி. பிங்கில் பாக்கெட்டின் வயிற்றை நிரப்ப ஒரு பேட்டர்ன் கொடுக்கலாம். 41 என்று கொடுங்கள். ஹெக்ஸில் 41 என்றால் ஆங்கிலப் பெரிய 'ஏ'. டிசிபிடம்ப்பில் ஹெக்ஸ், எழுத்து இரண்டையும் காட்டும் தேர்வைப் போட்டால், தொடக்கத்தில் நேரக்குறிப்புக்குரிய சில பைட்டுகளுக்கு அப்புறம் 'ஏ'க்களாக வரிசைகட்டி நிற்கும். பார்ப்பது திறந்த பாக்கெட்டா, பூட்டியதா என்ற சந்தேகத்துக்கே இடமிருக்காது.

படி 2: ஈத்0-வில் ஒரு முறை பாருங்கள்

மேலே சொன்ன காட்சியை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பெயர்த் தேடலை நிறுத்தும் தேர்வோடு ஈத்0-வில் டிசிபிடம்ப்பை ஓட்டி, இஎஸ்பி, ஐசிஎம்பி இரண்டை மட்டும் வடிகட்டுங்கள். வெளியே ஒன்று, உள்ளே இரண்டு என்று எண்ணிக்கை பொருந்தினால் உங்கள் டனல் ஒழுங்காக இருக்கிறது.

வெளியே போகும் பிங் இஎஸ்பியாக இல்லாமல் வெறும் ஐசிஎம்பியாகவே ஈத்0-வில் தெரிந்தால், அது டிசிபிடம்ப்பின் விளையாட்டு இல்லை. கார்டே என்கிரிப்ட் செய்யும் வன்பொருள் (படி 6) இல்லையென்றால், உண்மையிலேயே திறந்தபடி கம்பியில் போகிறது. பெரும்பாலும் கேட்வேயில் உள்ள மாஸ்கரேட் விதிதான் (வெளியே போகும் பாக்கெட்டின் முகவரியை மாற்றும் நேட் விதி) குற்றவாளி. மூல முகவரியை அது முதலில் மாற்றிவிடுகிறது. மாறிய முகவரி ஐபிசெக் பாலிசியோடு பொருந்தாமல் போகிறது. பாக்கெட் சாதாரண வழியில் கிளம்பிவிடுகிறது. மாஸ்கரேட் விதிக்கு மேலே, வெளிப்போகும் ஐபிசெக் பாக்கெட்டுகளை அப்படியே விட்டுவிடு என்று ஒரு விதி வைத்தால் சரியாகிவிடும். இதைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

படி 3: என்எஃப்லாக் வழியாகப் பிடிப்பது

புதிதாகக் கற்பவர் ஒரே ஒரு வழியைத்தான் பழகப்போகிறார் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நெட்ஃபில்டரில் என்எஃப்லாக் என்று ஓர் இலக்கு உண்டு. ஒரு விதிக்குப் பொருந்தும் பாக்கெட்டின் நகலை, நாம் சொல்லும் குழு எண்ணுக்கு அது அனுப்பும். அசல் பாக்கெட் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். டிசிபிடம்ப் அந்தக் குழுவை ஓர் இன்டர்ஃபேஸ் போலவே திறந்து படிக்கும்.

ஐபிடேபிள்ஸில் (நெட்ஃபில்டர் விதிகளை எழுதும் கருவி) இரண்டு விதி போதும். இரண்டும் மேங்கிள் டேபிளில்.

முதல் விதி ப்ரீரவுட்டிங் செயினின் தலையில்: பாலிசி மேட்ச் மாட்யூலைச் சேர்த்து, பாலிசி ஐபிசெக், திசை உள்ளே என்று சொல்லி, இலக்காக என்எஃப்லாக், குழு எண் 5 என்று கொடுங்கள். ஒவ்வொரு உள்வரும் பாக்கெட்டும் இந்தச் செயினை இரண்டு முறை கடக்கும். இஎஸ்பியாக வரும் முதல் முறை செக்பாத் இருக்காது, விதி பொருந்தாது. டிகிரிப்ட் ஆகி வரும் இரண்டாம் முறை மட்டும் பொருந்தும். டிரான்ஸ்போர்ட் மோடிலும் இதே விதி வேலை செய்யும், ஏனென்றால் அங்கும் திறந்த பாக்கெட் ப்ரீரவுட்டிங்கில்தான் நுழைகிறது.

இரண்டாவது விதி போஸ்ட்ரவுட்டிங் செயினின் தலையில்: இதே மேட்ச், திசை வெளியே, இதே குழு எண். கணினியே உருவாக்கிய பாக்கெட்டும், பின்னால் உள்ள வேறொரு கணினியிடமிருந்து வாங்கிக் கடத்தும் பாக்கெட்டும் இரண்டுமே என்கிரிப்ஷனுக்கு முன் இங்கே வரும். என்கிரிப்ட் ஆன பிறகு அதே பாக்கெட் இஎஸ்பியாக மறுபடி இந்த வழியே வரும். அப்போது அதற்கு மேற்கொண்டு ஐபிசெக் பாலிசி எதுவும் இல்லை என்பதால் விதி பொருந்தாது.

இன்புட், அவுட்புட், ஃபார்வர்டு என்று மூன்று செயின்களில் விதி போடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அதுவும் தவறில்லை. எந்தப் பாக்கெட் எந்தச் செயினில் விழும் என்று யோசிக்கவேண்டிய வேலை மிச்சமாகும் என்பதால் எனக்கு இந்த இரண்டு விதிகளே வசதி. நேட் டேபிளில் மட்டும் போட்டுவிடாதீர்கள்: ஓர் இணைப்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் அதன் விதிகளைப் பார்க்கும். மீதியெல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். ஐபிவி6 ஓடுகிறது என்றால் ஐபி6டேபிள்ஸில் இதே இரண்டையும் தனியாகப் போடவேண்டும்.

விதி போட்டாயிற்றா? இப்போது டிசிபிடம்ப்பில் இன்டர்ஃபேஸ் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என்எஃப்லாக் என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் 5 என்று கொடுத்து ஓட்டுங்கள். கோரிக்கை ஒரு வரி, பதில் ஒரு வரி, இரண்டுமே திறந்த நிலையில், 10.1, 10.2 என்ற உள் முகவரிகளோடு வரும். 'ஏ'க்கள் இரண்டிலும் தெரியும்.

இங்கே புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள் சில.

ஒன்று, வடிகட்டி. வழக்கம்போல டிசிபிடம்ப்பின் கடைசியில் போர்ட் 53 என்று சேர்த்தால், என்எஃப்லாக் வகைக்கு இந்த வடிகட்டல் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். வடிகட்டவேண்டியதை ஐபிடேபிள்ஸ் விதியிலேயே சேர்த்துவிடுங்கள்: யுடிபி, போர்ட் 53 என்று. இது ஒருவகையில் நல்லதுதான். வேண்டாத பாக்கெட்டுகளுக்கு நகல் எடுக்கும் செலவே இல்லாமல் போகிறது.

இரண்டு, சுழல். நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்திருக்கிறீர்கள், அந்த எஸ்எஸ்எச்சும் இதே டனல் வழியாகத்தான் வருகிறது என்று வையுங்கள். டிசிபிடம்ப் ஒரு வரி அச்சிடும். அந்த வரி உங்கள் திரைக்கு ஒரு பாக்கெட்டாகப் போகும். அதையும் பிடித்து இன்னொரு வரி அச்சிடும். திரை அருவியாகக் கொட்டும். விதியில் போர்ட் 22-ஐ விலக்குங்கள், இல்லையென்றால் திரையில் காட்டாமல் ஃபைலில் எழுதுங்கள்.

மூன்று, அளவு. ஈத்0-வின் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500 என்றிருக்க, நீங்கள் பிடித்த டிசிபி பாக்கெட் பல ஆயிரம் பைட் என்று காட்டும். பயப்படவேண்டாம். அனுப்பும்போது பெரிய துண்டாகவே கீழே வரை கொண்டுபோய்க் கடைசியில் நறுக்குவதும், வாங்கும்போது பலவற்றை ஒட்டி ஒன்றாக மேலே அனுப்புவதும் கர்னலின் வழக்கம். நாம் பார்ப்பது நறுக்குவதற்கு முந்தைய நிலை. வெளிப்போகும் பாக்கெட்டில் செக்சம் தவறு என்று டிசிபிடம்ப் முணுமுணுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். செக்சம் இன்னும் போடப்படவில்லை, அவ்வளவுதான். எம்டியு தகராறு ஒன்றைத் துரத்துகிறீர்கள் என்றால் மட்டும் இந்தப் பிடிப்பின் அளவுகளை நம்பாதீர்கள். அதற்கு ஈத்0-வின் இஎஸ்பி அளவுகளே சாட்சி.

திசையைப் பிரித்தறிய விரும்பினால் விதியில் ஒரு முன்னொட்டு கொடுக்கலாம். ஃபைலை வயர்ஷார்க்கில் (பாக்கெட் ஃபைல்களைத் திறந்து காட்டும் மென்பொருள்) திறக்கும்போது ஒவ்வொரு பாக்கெட்டோடும் அது தெரியும். சுலபமான வழி, உள்ளே வருவதற்குக் குழு 5, வெளியே போவதற்குக் குழு 6 என்று பிரித்துவிடுவது.

ஐபிடேபிள்ஸுக்குப் பதிலாக என்எஃப்டேபிள்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு: உள்வரும் பக்கம் மெட்டா ஐபிசெக் எக்சிஸ்ட்ஸ், வெளிப்போகும் பக்கம் ஆர்டி ஐபிசெக் எக்சிஸ்ட்ஸ் என்ற நிபந்தனைகள். செயலாக லாக் குரூப் 5. ஹூக்குகள் அதே ப்ரீரவுட்டிங், போஸ்ட்ரவுட்டிங்தான்.

வேலை முடிந்ததும் விதிகளை நீக்கிவிடுங்கள். யாரும் கேட்காத குழுவுக்கு அனுப்பும் விதியால் உடனடித் தொல்லை இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் குழு எண்ணை வேறு ஏதோ லாக் மென்பொருள் திறந்தால், உங்கள் டனலின் உள்ளடக்கம் முழுக்க அதன் ஃபைலுக்குள் போய் விழும்.

படி 4: தனி இன்டர்ஃபேஸ் வைத்துக்கொள்வது

டனலை அடிக்கடி ஆராயவேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால், எக்ஸ்எஃப்ஆர்எம் இன்டர்ஃபேஸ் மேல் அதைக் கட்டுவது நல்லது. லினக்ஸ் 4.19-இல் வந்தது இது. ஐபி லிங்க் கட்டளையால் ஐபிசெக்0 என்று ஓர் இன்டர்ஃபேஸை, ஓர் இஃப்ஐடி எண்ணோடு உருவாக்கவேண்டும். ஸ்ட்ராங்ஸ்வான் அமைப்பிலும் இரண்டு திசைக்கும் அதே எண்ணைக் கொடுத்து, எதிர்முனை நெட்வொர்க்குக்கான ரூட்டை அந்த இன்டர்ஃபேஸ் பக்கம் திருப்பிவிட வேண்டும். அப்புறம் ஐபிசெக்0-வில் டிசிபிடம்ப் ஓட்டினால் இரண்டு திசையும் திறந்த நிலையில் தெரியும். வழக்கமான வடிகட்டிகளும் வேலை செய்யும்.

எண் எங்காவது பொருந்தாமல் போனால் பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் மறையும். முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

ஐபிசெக்குக்குப் பதில் வயர்கார்டு (இன்னொரு டனல் முறை) பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-உடன் கர்னலுக்குள் வந்த அது, தொடக்கத்திலிருந்தே தனி இன்டர்ஃபேஸ் கொண்டது. டபிள்யூஜி0-வில் திறந்த பாக்கெட், ஈத்0-வில் யுடிபி. ஈதர்நெட் தலைப்பு இல்லாமல் நேரே ஐபி தலைப்பிலிருந்து தொடங்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 5: ஃப்ரீபிஎஸ்டியில் என்க்0

பிஎஸ்டி குடும்பம் இந்தத் தேவைக்கென்றே ஓர் இன்டர்ஃபேஸைச் செய்து வைத்திருக்கிறது, பெயர் என்க்0. ஐபிசெக் வழியாகப் போகிற, வருகிற எல்லாமே இதில் தலைகாட்டும். ஓபன்பிஎஸ்டியிலும் உண்டு. கட்டமைப்பாக இது எனக்கு லினக்ஸின் வழியைவிடப் பிடித்தது. எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்கிறது.

ஃப்ரீபிஎஸ்டியில் இஃப்_என்க் மாட்யூலை ஏற்றி, இஃப்கான்ஃபிக் கட்டளையால் என்க்0-வை அப் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்த இரண்டாவதைச் செய்யாமல் டிசிபிடம்ப்பை ஓட்டிவிட்டு ஒன்றுமே வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. அப் செய்தபின் டிசிபிடம்ப்பை என்க்0 மேல் ஓட்டினால் ஒவ்வொரு வரியும் அடைப்புக்குறிக்குள் ஆதென்டிக், கான்ஃபிடென்ஷியல் என்று தொடங்கும். அதாவது இந்தப் பாக்கெட்டுக்குச் சரிபார்ப்பும் என்கிரிப்ஷனும் உண்டு என்று பொருள். அடுத்து எஸ்பிஐ எண், அதன்பின் வழக்கமான ஐபி வரி. எந்த எஸ்ஏ வழியாக எது போனது என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் தெரிவது பெரிய வசதி. சாவி மாற்றம் நடக்கும் நேரத்தில் பழைய எஸ்பிஐ நின்று புதியது தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் முறை ஓட்டும்போது இங்கும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. வெளிப்போகும் பாக்கெட் இரண்டிரண்டாகத் தெரியும். உள்வரும் பாக்கெட் ஒருமுறைதான், ஆனால் வெளித் தலைப்பும் உள் தலைப்புமாகச் சேர்ந்து, ஐபிக்குள் ஐபி என்று வரும். டிகிரிப்ட் ஆகிவிட்டது, வெளி உறை மட்டும் இன்னும் கழற்றப்படவில்லை.

இதைத் தீர்மானிப்பவை சிஸ்கன்ட்ரோலில் (கர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) உள்ள மாஸ்க் மதிப்புகள். நெட் புள்ளி என்க் புள்ளி இன், நெட் புள்ளி என்க் புள்ளி அவுட் என்ற இரண்டு கிளைகளிலும் ஐபிசெக்_பிபிஎஃப்_மாஸ்க் என்று ஒன்று இருக்கும். உள்வரும் பக்கத்தில் 1 என்றால் வெளித் தலைப்பைக் கழற்றுமுன், 2 என்றால் கழற்றியபின். வெளிப்போகும் பக்கத்தில் 1 என்றால் உள் தலைப்பு மட்டும், 2 என்றால் வெளித் தலைப்பும் சேர்ந்து. கணினி தானாக வைத்திருப்பது உள்ளே 1, வெளியே 3, அதாவது இரண்டும். மேன் பக்கம் பரிந்துரைப்பது உள்ளே 2, வெளியே 1. அப்படி மாற்றிவிட்டால் திசைக்கு ஒரு வரி, உள் முகவரிகள் மட்டும், சுத்தமாக வரும்.

இதே கிளைகளில் ஐபிசெக்_ஃபில்டர்_மாஸ்க் என்று இன்னொன்றும் உண்டு. அது ஃபயர்வாலுக்கு எந்த நிலையைக் காட்டுவது என்பதற்கானது. பாக்கெட் பிடிக்கும் ஆர்வத்தில் அதையும் சேர்த்து மாற்றினால், நேற்றுவரை பொருந்திய ஃபயர்வால் விதிகள் இன்று பொருந்தாமல் போகலாம். தொடாதீர்கள்.

படி 6: எதுவுமே வரவில்லை என்றால்

எல்லாம் சரியாக வைத்தும் திறந்த பாக்கெட் தெரியவில்லை, ஆனால் ஈத்0-வில் இஎஸ்பி வருவது தெரிகிறது என்றால், டிகிரிப்ட் கட்டத்திலேயே அது தூக்கி எறியப்படுகிறது. லினக்ஸில் ப்ராக் அடைவின் கீழ் நெட் என்பதற்குள் எக்ஸ்எஃப்ஆர்எம்_ஸ்டாட் என்ற ஃபைலைப் படியுங்கள். கர்னல் அந்த வசதியோடு கட்டப்பட்டிருந்தால் அது இருக்கும். பிங் விடுமுன் ஒருமுறை, விட்டபின் ஒருமுறை பார்த்து, எந்த எண் ஏறியது என்று கவனியுங்கள்.

இன் நோ ஸ்டேட்ஸ் ஏறினால், வந்த எஸ்பிஐக்குப் பொருத்தமான எஸ்ஏ இந்தப் பக்கம் இல்லை; ஒரு முனை மட்டும் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் இது சகஜம். இன் ஸ்டேட் புரோட்டோ எரர் என்றால் எஸ்ஏ இருக்கிறது, சாவியோ முறையோ ஒத்துப்போகவில்லை. இன் ஸ்டேட் சீக்வன்ஸ் எரர், வரிசை எண் ஏற்கும் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்பதைச் சொல்லும். பாக்கெட்டுகள் மிகவும் முன்பின்னாக வந்தாலும் ஏறும். இன் நோ பால்ஸ் என்றால் டிகிரிப்ட் எல்லாம் நன்றாகத்தான் ஆயிற்று, உள்ளே விடுவதற்குப் பாலிசி இல்லை.

இவை ஒன்றும் அசையவில்லை, பாக்கெட்டும் வரவில்லை என்ற புதிர் நிலைக்கு, சிலியம் திட்டத்தின் பிடபிள்யூஆர்யு என்ற கருவியை முயலுங்கள். இபிபிஎஃப் (ஓடும் கர்னலுக்குள் சிறு நிரல்களை ஏற்றும் வசதி) அடிப்படையில், ஒரு பாக்கெட் எந்தெந்தக் கர்னல் ஃபங்ஷன்களைக் கடந்து போனது என்று வரிசையாக அச்சிடும். வெளியீடு நீளம்தான், ஆனால் பாக்கெட் கடைசியாக எட்டிப்பார்த்த இடம் எது என்று தெரிந்துவிடும்.

நெட்வொர்க் கார்டே ஐபிசெக் வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ளும் வன்பொருளும் இருக்கிறது. அந்த வசதி ஓடும்போது நிலைமை தலைகீழ்: என்கிரிப்ஷன் கார்டுக்குள் நடப்பதால், ஈத்0-வில் திறந்த பாக்கெட் மட்டும் தெரியும், இஎஸ்பியைக் கர்னல் பார்ப்பதே இல்லை. திறந்தபடி கம்பியில் போகிறது என்று அலறுமுன் இந்த ஆஃப்லோட் (வேலையைக் கார்டுக்கு ஒப்படைப்பது) இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சொந்தமாக மாட்யூல் எழுத ஆசைப்பட்டால்

தேவைக்காக என்றால் வேண்டாம், என்எஃப்லாக் அதைச் செய்கிறது. கற்பதற்காக என்றால் தாராளமாக. நெட்ஃபில்டர் ஹூக் ஒன்றைப் பதிவு செய்து, வரும் எஸ்கேபி-யில் (கர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் கட்டமைப்பு) செக்பாத் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தலைப்பைப் படித்துவிட்டு, ஏற்றுக்கொள் என்ற மதிப்பைத் திருப்பி அனுப்புவதுதான் மொத்த வேலையும். கவனிக்கவேண்டியவை இரண்டு. உங்கள் ஃபங்ஷன் ஓடுவது பெரும்பாலும் சாஃப்ட்ஐஆர்க்யூ (காத்திருக்க முடியாத குறுக்கீட்டு வேலை) சூழலில்; அங்கே தூங்கக் கூடிய எதையும் அழைக்கக் கூடாது, நினைவகம் கேட்டால் அட்டாமிக் வகையில்தான் கேட்கவேண்டும். அடுத்து, பாக்கெட்டின் பைட்டுகள் எல்லாம் ஒரே தொடராக நினைவகத்தில் இருக்கும் என்று நம்பிச் சுட்டியை நகர்த்தாதீர்கள். தலைப்பைப் படிக்கவும் நகலெடுக்கவும் கர்னல் தரும் துணை ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள். பாக்கெட்டுக்கு ஒரு பிரின்ட்கே (கர்னல் லாக்கில் எழுதும் ஃபங்ஷன்) வைத்தால் லாக் நிரம்பி, மற்ற செய்திகளைத் தேடவே முடியாமல் போகும்.

இந்த வழி செல்லாத இடம்

டிஎல்எஸ்ஸையும் (ஹெச்டிடிபிஎஸ் போன்றவற்றின் என்கிரிப்ஷன்) இப்படியே பிடிக்கலாமா என்று கேட்பார்கள். கேடிஎல்எஸ் என்று கர்னலுக்குள்ளேயே டிஎல்எஸ் என்கிரிப்ஷன் செய்யும் வசதி லினக்ஸ் 4.13 முதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது டிசிபிக்கு மேலே, சாக்கெட் மட்டத்தில் நடக்கிறது. செயலி கொடுத்த பைட்டுகள் பாக்கெட் ஆகுமுன்பே என்கிரிப்ட் ஆகிவிடுகின்றன. திறந்த நிலையில் பாக்கெட் என்று ஒன்று எந்தக் கட்டத்திலும் இல்லாததால், நெட்ஃபில்டரிலோ இன்டர்ஃபேஸிலோ நின்று பிடிப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே செயலியிடமிருந்து செஷன் சாவிகளை ஃபைலில் எழுதச்சொல்லி வாங்கி வயர்ஷார்க்கில் கொடுப்பது, அல்லது டிஎல்எஸ் நூலகத்தின் எழுது, படி ஃபங்ஷன்களில் இபிபிஎஃப் வைத்துப் பைட்டுகளைப் பார்ப்பது என்று வழி வேறாகிவிடும்.

ஐபிசெக்கிலும் சாவி வழி உண்டு. எஸ்ஏ விவரங்களை வயர்ஷார்க்கின் இஎஸ்பி அமைப்பில் கொடுத்தால், ஏற்கெனவே பிடித்து வைத்த இஎஸ்பி ஃபைலைத் திறந்து காட்டும். பிடிக்கும் நேரத்திலேயே ஸ்டேட் பட்டியலையும் எடுத்து வைத்திருந்தால்தான் இது பயன்படும். சாவி மாறியபின் பழையதைக் கர்னலிடம் கேட்டுப் பயனில்லை.

படி 7: பிடித்த ஃபைலை என்ன செய்வது

டனலுக்குள் ஓடும் கடவுச்சொல், மின்னஞ்சல், டேட்டாபேஸ் கேள்வி எல்லாம் இப்போது உங்கள் வட்டில் திறந்து கிடக்கின்றன. எனவே குறைவாகப் பிடிப்பதே முதல் பாதுகாப்பு. இணைப்புச் சிக்கலைத் துரத்துவதற்குப் பெரும்பாலும் தலைப்புகளே போதும். என்எஃப்லாக் விதியில் என்எஃப்லாக் சைஸ் என்ற தேர்வில் 96 என்று வைத்தால், ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட் மட்டும்தான் கர்னலை விட்டு வெளியே வரும். பழைய குறிப்புகளில் என்எஃப்லாக் ரேஞ்ச் என்று ஒரு தேர்வைப் பார்ப்பீர்கள். அது ஒருபோதும் வேலை செய்ததில்லை என்று மேன் பக்கமே ஒப்புக்கொள்கிறது. அதை நம்பி முழுப் பாக்கெட்டுகளையும் சேர்த்துவிடாதீர்கள்.

எழுதும் அடைவுக்கு உங்களைத் தவிர வேறு யாருக்கும் உரிமை வேண்டாம். டிசிபிடம்ப்பின் ஃபைல் அளவு, ஃபைல் எண்ணிக்கைத் தேர்வுகளைச் சேர்த்துக் கொடுத்தால், பழையதன் மேலேயே சுற்றிச் சுற்றி எழுதும். இரவில் ஓடவிட்டு மறந்தாலும் வட்டு நிரம்பாது. சிக்கல் தீர்ந்ததும் ஃபைலை அழித்துவிடுங்கள். யாரிடமாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அவர்களுக்குத் தேவையான ஓர் உரையாடலை மட்டும் வயர்ஷார்க்கில் பிரித்துச் சேமித்துக் கொடுங்கள்.